நாளும் இடமும்

வட அமெரிக்காவின் மேற்கு மலைத்தொடர்களில், மரங்களும் வளராத உயரத்துப் பாறைச் சரிவுகளில், வெண்ணிற மலையாடு ஒன்று வாழ்கின்றது. பெயரில் ஆடு எனினும் அது நம் வெள்ளாட்டினத்தைச் சேர்ந்ததன்று. குளிர்காலத்தில் அதன் உடலை அடர்ந்த கம்பள மயிர் மூடியிருக்கும். கோடையில் அது கற்றை கற்றையாக உதிரும். உலகம் வெப்பமடைந்துவரும் இந்நாளில், வெயில் முந்தி வந்து மயிர் பிந்தி உதிருமாயின், குளிருக்கென்றே அமைந்த அவ்வுயிர் துன்புறும் அன்றோ? ஆகவே உதிர்வின் காலத்தை அறிவது இன்றியமையாததாயிற்று.

ஆனால், செங்குத்துப் பாறைகளில் திரியும் விலங்கைப் பல்லாண்டுகள் பின்தொடர எவரால் இயலும்? கதார்ஜினா நோவாக் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் பொதுமக்களை நாடினர். மலையேறுவோரும் சுற்றுலாச் சென்றோரும் எடுத்த புகைப்படங்களை வேண்டினர். ஓராண்டு நிறைவதற்குள் ஏறத்தாழ 700 படங்கள் குவிந்தன. அவற்றுள் பழையது 1948ஆம் ஆண்டினது; புதியது 2018ஆம் ஆண்டினது. அவை எடுக்கப்பட்ட இடங்களோ சுமார் 4,500 கிலோமீட்டர் தூரம் பரந்து கிடந்தன. ஒவ்வொரு படத்திலும் மயிர் உதிர்ந்த பகுதி எவ்வளவு, உதிராத பகுதி எவ்வளவு என்று அளந்தனர். கனடாவின் யூக்கான் பகுதியில் 2018இல் நேரிற் கண்டவற்றையும் சேர்த்து ஆராய்ந்து, 2020இல் முடிவை வெளியிட்டனர்.

அம்முடிவு நம் நெஞ்சைத் தொடுவது. கிடாக்களுக்கு மயிர் முந்தி உதிர்கின்றது. குட்டியுடன் திரியும் தாய்க்கோ எல்லோருக்கும் பிந்தியே உதிர்கின்றது. கருவைச் சுமக்கவும் பாலூட்டவும் வலிமையைச் செலவிட்ட தாய்க்குத் தன்னுடலைப் புதுப்பிக்கக் காலம் தாழ்கின்றது போலும். கோடை கடுமையானால் அவள் வருந்தவும் கூடும்.

அப்படங்களுள் பலவற்றை எடுத்தவர்கள் ஆராய்ச்சியை நினைத்து எடுத்தவரல்லர். எடுத்த நாளும் இடமும் தெரிந்திருந்தமையாலேயே அவை சான்றாயின. நாளும் நிலையப் பெயரும் அழிந்த பயணச்சீட்டைக் கொண்டு யார் எங்குச் சென்றார் எனச் சொல்ல இயலுமோ? படமும் அத்தகையதே.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் இல்லங்களிலும் படங்களுக்குக் குறைவில்லை. விடுமுறையில் இமயச் சாரலில் கண்ட விலங்கும், மூணாற்றில் கண்ட வரையாடும் அவற்றுள் இருக்கலாம். கைத்தொலைபேசி நாளைத் தானே குறித்துக்கொள்ளும். எனினும் கைமாறிக் கைமாறிச் செல்கையில் அக்குறிப்புப் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆதலின் அன்பர்களே, பழைய படங்களின் பின்புறத்தில் ஆண்டையும் இடத்தையும் இன்றே எழுதிவையுங்கள். பெரியோர் நினைவில் இருக்கும்போதே கேட்டு எழுதுதல் நலம். எந்தப் படம் எந்நாளில் எவ்வுயிர்க்கு உதவும் என்று யார் அறிவார்?