சம்பளம் கொடுப்பது சர்க்கார். சலுகை மட்டும் இல்லை!

வாசலில் சிலுவை இருக்கிறது. தலைமை ஆசிரியை ஒரு கன்னியாஸ்திரீ. உள்ளே திருநீறு பூசிய பிள்ளையும் படிக்கிறான். தொப்பி போட்ட பிள்ளையும் படிக்கிறான்.

இது மிஷன் பள்ளிக்கூடமா, சர்க்கார் பள்ளிக்கூடமா?

பாதி அது, பாதி இது! "அரசு உதவி பெறும் பள்ளி" என்று இதற்குப் பெயர். கட்டிடமும் நிர்வாகமும் சபையைச் சேர்ந்தவை. ஆசிரியருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது சர்க்கார். இந்து தர்ம ஸ்தாபனங்களும், முஸ்லிம் பெரியவர்களும் இப்படிப் பள்ளிகள் நடத்துகிறார்கள்.

இந்த ஏற்பாடு வெள்ளைக்காரன் காலத்தது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கட்ட கம்பெனி சர்க்காருக்கு மனமில்லை. "தனியார் நடத்தட்டும், மானியம் தருவோம்" என்று 1854-ல் லண்டனில் இருந்து உத்தரவு வந்தது. கம்பெனிக்கு அது சிக்கனம். ஆனால் நாகர்கோவிலிலும் பாளையங்கோட்டையிலும் எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு முதல் எழுத்து இந்தப் பள்ளிகளில்தான் கிடைத்தது.

பெற்றோர்கள் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். சர்க்கார் பணம் வாங்கும் பள்ளி, மதத்தையோ சாதியையோ மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை ஜெபத்தில் உட்காரவைக்கவும் கூடாது. இரண்டும் அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

சாப்பாட்டில் வேற்றுமை குறைந்துவிட்டது. 2022-ல் சர்க்கார் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு, 2024-ல் கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025-ல் நகரத்துப் பள்ளிகளுக்கும் வந்தது.

டாக்டர் படிப்பில்தான் சிக்கல்!

தமிழ்நாட்டில் 2020-ல் ஒரு சட்டம் வந்தது. 6-ம் வகுப்பு முதல் 12 வரை சர்க்கார் பள்ளியில் படித்து, "நீட்" தேர்விலும் தேறியவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. நல்ல சட்டம். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் டாக்டருக்குப் படிக்கப் போனார்கள். 2022-ல் சென்னை ஐகோர்ட்டும் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் உதவி பெறும் பள்ளி மாணவருக்கு இதில் பங்கு இல்லை.

இதற்குக் காரணம் சொல்கிறார்கள். பெரிய நகரங்களில் பெயர் பெற்ற உதவி பெறும் பள்ளிகள் உண்டு. அங்கே காரில் வந்து இறங்கும் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களும் பங்குக்கு வந்தால் சர்க்கார் பள்ளிப் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன? நியாயமான பயம்தான்.

ஆனால் கிராமத்தைப் பாருங்கள். சில ஊர்களில் பக்கத்தில் இருப்பதே மிஷன் பள்ளி ஒன்றுதான். விவசாயக் கூலி தன் மகளை அங்கே சேர்க்கிறார். பெயர்ப் பலகையைப் பார்த்தா சேர்த்தார்? நடக்கிற தூரத்தைப் பார்த்துச் சேர்த்தார்! குடும்ப வருமானத்துக்கு ஒரு வரம்பு வைத்து, அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சில இடங்கள் ஒதுக்கினால் சர்க்கார் பள்ளியின் 7.5-ல் ஒரு இடம்கூடக் குறையாது.