ஓடியவர் சாந்தி, ஓடி ஒளிந்தது தேசம்

நாலு வருஷத்துக்கு ஒருமுறை இந்த நாட்டில் ஒரு ஒப்பாரி நடக்கும். ஒலிம்பிக் முடிந்த மறுநாள் பத்திரிகைக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். 140 கோடிப் பேர் இருந்து என்ன புண்ணியம், 2024 பாரிசில் ஒரு தங்கம்கூட இல்லையே, ஆறே ஆறு பதக்கம்தானே என்று மூக்கைச் சிந்துவார்கள். பிறகு காரணம் அடுக்குவார்கள். மைதானம் இல்லை, ஓடுதளம் இல்லை, சத்தான சாப்பாடு இல்லை, நல்ல ஷூ இல்லை, ஸ்பான்சர் இல்லை. மொத்தத்தில் 'ஆதரவு இல்லை'. இந்த ஆதரவு என்கிற சொல்லை இவர்கள் வாயிலிருந்து பிடுங்கிக் கொஞ்சம் உதறிப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாருக்கு இல்லாத ஆதரவு? யார் தரவேண்டியது? எந்த நேரத்தில்?

ஷூ இல்லை என்பது பொய்யில்லை. மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். கூலி வேலை செய்த பாட்டி வளர்த்த பிள்ளை. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்வரைக்கும் போனார். பத்திரிகைகள் உருகி உருகி எழுதின. எனக்கு அந்த உருக்கத்தின் மேல்தான் சந்தேகம். வெறுங்கால், பழைய சோறு, ஒழுகுகிற கூரை எல்லாம் ஒலிம்பிக் சீருடைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது இவர்களுக்கு அழகாகத் தெரிகிறது. ஓடாத பிள்ளையின் வெறுங்கால் எந்த நாளிதழுக்கும் செய்தி கிடையாது. அது கிடக்கட்டும். ஷூவைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். காசால் வாங்க முடியாத ஆதரவு ஒன்று இருக்கிறது. ஆள் ஆதரவு. பாஷை தெரியாத ஊரில், பெரிய மனுஷர்கள் நாலு பேர் சுற்றி நின்றுகொண்டு கேள்வி கேட்கும்போது, "ஏய், அது எங்க புள்ள, எதுவா இருந்தாலும் எங்கிட்ட பேசு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருமே, அது. அந்தக் குரல் நம்முடைய பிள்ளைகளுக்கு வந்ததா என்று பார்க்க சாந்தி சௌந்தரராஜன் ஒருவருடைய கதை போதும்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. தாய் தகப்பன் இரண்டு பேரும் செங்கல் சூளையில் வேலை. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். ஓடச் சொல்லிக்கொடுத்தது தாத்தா. 2005-ல் இன்சியான் நகரத்தில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. அடுத்த வருஷம் டிசம்பர் 9, தோஹா ஆசிய விளையாட்டு. 2 நிமிஷம் 3.16 வினாடி. கசகஸ்தான் வீராங்கனையை நூலிழையில் முந்தி மறுபடியும் வெள்ளி. அன்றைக்கு ராத்திரி முழுக்க அவர் இந்தியாவின் மகள். அந்த மகள் அந்தஸ்து பத்து நாள்கூட நிற்கவில்லை.

பாலினச் சோதனை என்று கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர்கள் வந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று புரிகிற பாஷையில் ஒருத்தரும் சொல்லவில்லை. அவர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள் என்று சாந்தி பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சோதனையில் தேறவில்லை என்கிற சேதி முறையாக அவர் காதுக்கு வருமுன்னே டி.வி.க்காரன் காதுக்குப் போய்விட்டது. பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

சோதனையில் என்ன வந்தது, அந்த உடம்பு எப்படிப்பட்டது என்று இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இருக்காது. அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கும் கிடையாது, வாசிக்கிற தோழர்களுக்கும் கிடையாது. ஒரு பெண்ணின் மருத்துவக் காகிதத்தை உலகத்தின் நடு வாசலில் தொங்கவிட்டதுதான் இதில் நடந்த முதல் குற்றம். அதை வாசித்துவிட்டு நியாயம் பேசுவது இரண்டாவது குற்றம்.

'விதி எல்லாருக்கும் பொது' என்பார்கள். சரி, விதியையே எடுத்துக்கொள்வோம். ஓட வருகிற பெண்களையெல்லாம் சோதிக்கிற வழக்கத்தைச் சர்வதேச தடகளக் கூட்டமைப்பு 1992-லேயே விட்டுவிட்டது. ஒலிம்பிக் கமிட்டி 1999-ல் விட்டது. சந்தேகம் கிளப்பப்பட்டால் என்ன செய்யவேண்டும் என்பதற்குக் கூட்டமைப்பு 2006-லேயே ஒரு வழிமுறை வைத்திருந்தது. வெறும் ஆய்வகச் சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. மகளிர் மருத்துவர், சுரப்பி மருத்துவர், பொது மருத்துவர், மனநல வல்லுநர், பாலினம் குறித்த வல்லுநர் எல்லாரும் உட்கார்ந்து ஆராய வேண்டும். தோஹாவில் ஓடி முடித்த பத்து நாளைக்குள் இதில் எவ்வளவு நடந்திருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் சாந்தி இல்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள்.

அவர்கள் யார்? இங்கேதான் வயிறு எரிகிறது. அன்றைக்கு இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர் சுரேஷ் கல்மாடி. ஆசிய தடகள சங்கத்தின் தலைவரும் அதே கல்மாடி. இரண்டு நாற்காலியிலும் ஒரே இந்தியர். கேள்வி கேட்க இதைவிட வசதியான இடம் யாருக்கு வாய்க்கும்? சுவிட்சர்லாந்தில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் என்று ஒன்று இருக்கிறது, மேல்முறையீடு அங்கே செய்யலாம். சாந்திக்காக அந்தக் கதவை எந்தச் சங்கமும் தட்டவில்லை. போட்டிக்குப் போக விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர்களுக்கு வக்கீல் ஒருவருக்குப் பீஸ் கட்டத் தோன்றவில்லை.

'இதில் சாதி எங்கே வந்தது? தோஹாவில் யாராவது சாதிப் பேரைச் சொல்லித் திட்டினார்களா?' என்று பொதுப்புத்தி கேட்கும். திட்டவில்லை. சாதி எப்போதும் திட்டிக்கொண்டே இருக்காது. யாருக்கு இங்கிலீஷ் வரும், யாருடைய மாமா டில்லியில் அதிகாரி, யார் வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு வக்கீலுக்குப் போன் போட முடியும், இதிலெல்லாம் சாதி பேசாமல் உட்கார்ந்திருக்கும். டில்லியிலோ பம்பாயிலோ ஒரு கிளப் உறுப்பினர் வீட்டுப் பிள்ளையை இப்படி ஒரு அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், சேதியை டி.வி.யில் ஓடவிட்டிருப்பார்களா? அப்பன்காரன் விடியுமுன்னே கோர்ட்டில் நின்றிருப்பான். சூளையில் கல் அறுக்கிற அப்பன் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பான்?

2023-ல் டில்லித் தெருவில் நடந்ததையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய சாக்ஷி மாலிக் உள்ளிட்ட மல்யுத்த வீரர்கள், தங்கள் கூட்டமைப்பின் தலைவர்மேல் பாலியல் புகார் சொல்லிப் போராடினார்கள். புது நாடாளுமன்றம் திறந்த மே 28 அன்று போலீஸ் அவர்களைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. அது அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெண்களுக்குப் பின்னால் காப் பஞ்சாயத்துகள் வந்தன, விவசாயச் சங்கங்கள் டிராக்டரோடு வந்தன. நிலமும் சாதிக் கட்டும் உள்ளவர்களுக்கு, அரசு கைவிட்டாலும் ஊர் வரும். சாந்திக்கு அரசும் வரவில்லை. வருவதற்கு ஊர் என்று ஒன்று சேரிக்கு எப்போது இருந்தது?

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. பல்வங்கர் பாலு 1911-ல் இங்கிலாந்துக்குப் போன இந்தியக் கிரிக்கெட் அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தவர், சாமர் சாதியில் பிறந்தவர். புனேயில் அவர் வீசிய பந்தை இந்து அணியின் சாதி இந்துக்கள் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு மைதானத்துக்கு வெளியே, தனியாக, மண் குவளையில். நம்ம ஊர் டீக்கடை இரட்டைக் குவளைக்கு இப்படி ஒரு கிரிக்கெட் பாரம்பரியம் உண்டு. கேப்டன் பதவியைப் பாலு கடைசிவரை பார்க்கவில்லை. அவர் தம்பி விட்டல்தான் 1923-ல் அதை அடைந்தார். அப்புறம் நூறு வருஷம் கழித்து டோக்கியோ. ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்துவார் பக்கம் ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு முன்னால் போய்ப் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றோம் என்று ஏசினார்கள் என்பது குடும்பத்தார் போலீசில் கொடுத்த புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அடித்த மூணு கோல் தேசத்தின் கணக்கில், அணியின் தோல்வி சேரியின் கணக்கில்.

சாந்தி விஷயத்தில் வேறு எதுவும் செய்திருக்க முடியாது என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு இரண்டு பதில் உண்டு. ஒன்று தென்னாப்பிரிக்கா. 2009-ல் பெர்லின் உலகப் போட்டியில் அதே 800 மீட்டரில் காஸ்டர் செமன்யா தங்கம் வென்றார். அதே சந்தேகம், அதே சோதனை, அதே கேவலமான தலைப்புச் செய்திகள். அங்கேயும் தடகளச் சங்கத் தலைவர் சோதனை விஷயத்தில் பொய் சொன்னார், பதவி போயிற்று. ஆகவே அந்த நாட்டைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் செமன்யா ஊர் திரும்பியபோது ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் ஜனம் ஆடிப் பாடிக்கொண்டு காத்திருந்தது. அமைச்சரும் ஜனாதிபதியும் 'இவள் எங்கள் பெண்' என்றார்கள். பதக்கம் அவரிடமே இருந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நாட்டின் கொடியை அவர் கையில் கொடுத்தார்கள். இனவெறியின் கீழே கிடந்த ஜனத்துக்கு, ஒரு கறுப்புப் பெண்ணின் உடம்பை வெள்ளைக்காரன் அளந்து பார்ப்பதன் அர்த்தம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சாதியின் கீழே கிடந்த ஜனம் நாம். நமக்கும் தெரியும். ஆனால் கொடி நம் கையில் இல்லை.

இரண்டாவது பதிலுக்கு வெளிநாடு போக வேண்டாம், ஒடிசா போதும். நெசவாளர் வீட்டுப் பெண் தூத்தி சந்த். 2014-ல் காமன்வெல்த் போட்டிக்குப் போகவிடாமல் அவரையும் இதே மாதிரிச் சோதனையைக் காட்டி நிறுத்தினார்கள். இந்தத் தடவை இந்திய விளையாட்டு ஆணையம் பின்னால் நின்றது. வக்கீல் வந்தார்கள், ஆய்வாளர்கள் வந்தார்கள், வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனது. 2015 ஜூலையில் தீர்ப்பாயம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. அடுத்த வருஷம் ரியோ ஒலிம்பிக்கில் தூத்தி ஓடினார். ஆக, முடியும். எட்டு வருஷம் முன்னால் இதே அரசாங்கத்தால் முடிந்திருக்கும். அந்த எட்டு வருஷத்தில் இவர்களுக்குப் புத்தி வந்திருக்கிறது என்றால் அதற்குச் சம்பளம் கட்டியது சாந்தி.

என்ன சம்பளம்? 2007 செப்டம்பரில் சாகத் துணிந்தார். காப்பாற்றினார்கள். தமிழக அரசு அவரைக் கைகழுவவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சோதனைச் சேதி வந்த பிறகும் முதலமைச்சர் கருணாநிதி 15 லட்ச ரூபாயை அவர் கையில் கொடுத்தார். அது பெரிய காரியம். அந்தப் பணத்தைச் சாந்தி என்ன செய்தார்? புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கூடம் வைத்தார். அரசு தந்த வேலையோ ஒப்பந்தப் பயிற்சியாளர் வேலை, மாசம் 5000 ரூபாய். அதில் எத்தனை நாள் ஓட்ட முடியும்? 2012-ல் ஆசியப் பதக்கம் வாங்கியவர் செங்கல் சூளையில் நிற்கிற படம் நாடு முழுக்க வந்தது. நாளைக்கு 200 ரூபாய் கூலி. அப்போதும் பத்திரிகைகள் உருகின. உருகுவதற்கு இவர்களுக்கு எப்போதும் ஒரு சூளை வேண்டும். படம் வந்த பிறகுதான் மத்திய அமைச்சகம் அசைந்தது, பெங்களூரில் பயிற்சியாளர் படிப்புக்கு இடம் கிடைத்தது. நிரந்தர வேலை கைக்கு வர 2016 ஆயிற்று. தோஹாவிலிருந்து பத்து வருஷம். ஓட்டக்காரிக்குப் பத்து வருஷம் என்றால் முழு ஆயுசு.

பதக்கம் இன்னும் வரவில்லை.

இதைப் பழைய கதை என்று மூடி வைக்கவும் முடியாது. உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடுகிற எல்லாருக்கும் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது. 1992-ல் விட்டதை வேறு பேரில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். சரியா தப்பா என்று விஞ்ஞானிகள் அடித்துக்கொள்ளட்டும். நமக்கு இருக்கிற கேள்வி வேறு. நாளைக்கு அரியலூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்தோ ஜார்க்கண்ட் மலைக் கிராமத்திலிருந்தோ ஒரு பதினெட்டு வயதுப் பெண் இந்தச் சோதனைக்குக் கையை நீட்டுவாள். முடிவு வந்தால் முதலில் யாருக்குச் சொல்வார்கள்? அவளுக்கா, சங்கத் தலைவருக்கா, டி.வி.க்கா? அவள் பாஷையில் சொல்ல ஆள் இருக்குமா? கையெழுத்துப் போடுமுன் காகிதத்தைப் படித்துக் காட்ட ஆள் இருக்குமா?

இதற்குக் கோடிகள் வேண்டாம். வெளிநாடு போகிற ஒவ்வொரு அணியோடும், அந்தப் பெண்ணின் பாஷை தெரிந்த, அவள் நம்புகிற ஒரு பெண்ணை அனுப்பு. சங்கத்துக்குக் கட்டுப்படாத வக்கீல் ஒருவரை வை. மருத்துவக் காகிதத்தை வெளியே விடுகிற அதிகாரியை வேலையை விட்டுத் தூக்கு. சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் எத்தனை தலித்துகள், எத்தனை ஆதிவாசிகள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கு வெளியிடு. முதல் வேலையாக, தோஹா பதக்கத்துக்காக இந்திய ஒலிம்பிக் சங்கம் ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலுக்கு எழுத்துப்பூர்வமாக மனுப் போடட்டும். போட்ட மனுவின் நகலை முதலில் கத்தக்குறிச்சிக்கு அனுப்பட்டும், தமிழில்.