காம்பஸ் முடிக்காத வேலை

நண்பர்களின் இதழொன்றில் வந்திருக்கும் கட்டுரை, ஃபியூச்சுரா எழுத்துருவைச் ‘சர்வாதிகாரத்தின் எழுத்து’ என்று தீர்ப்பளிக்கிறது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பிறந்தது, காம்பஸும் ஸ்கேலும் வரைந்தது, மனிதக் கை படாதது என்பவை அதற்குச் சொல்லும் காரணங்கள். மூன்றும் பிழை.

ஃபியூச்சுராவை வடிவமைத்த பவுல் ரென்னர் பௌஹவுஸ் ஆசிரியர் அல்ல. 1927இல் ஃப்ராங்க்ஃபர்ட்டின் பாவர் வார்ப்பகம் ஃபியூச்சுராவை வெளியிட்டபோது அவர் ஐம்பதை நெருங்கிய, புத்தக வடிவமைப்பில் பழுத்த மனிதர். முதல் வரைவுகளில் சின்ன ‘ஆர்’ ஒரு கோடும் ஒரு புள்ளியும் மட்டுமே. காம்பஸுக்கு அது போதும், வாசிக்கிறவனுக்குப் போதாது. அத்தகைய வடிவங்கள் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டன. பெரிய எழுத்துகளின் அகலங்களோ ரோமானியக் கல்வெட்டுகளிலிருந்து வந்தவை: ‘இ’யும் ‘எஃப்’பும் ஒடுங்கி நிற்க, ‘ஓ’ அகன்று உட்காரும். அந்த ‘ஓ’வும் கண்ணுக்குத்தான் வட்டம், அளந்து பார்த்தால் அல்ல. வளைவு தண்டைத் தொடும் இடத்தில் கோடு மெலிகிறது; மெலியாவிட்டால் அங்கே கறுப்பு திரண்டு பக்கமே கறைபட்டுத் தெரியும். ஒவ்வொரு திருத்தமும் கண்ணும் கையும் சேர்ந்து செய்தது. ஈய அச்சில் கோத்த பழைய ஜெர்மன் பக்கம் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் அதைக் கை படாதது என்று எழுத மாட்டார்கள்.

அரசியலுக்கு வருவோம். 1932இல் ரென்னர், நவீனக் கலையைப் ‘பண்பாட்டு போல்ஷெவிசம்’ என்று வசைபாடியவர்களை எதிர்த்துச் சிறுநூல் எழுதினார். அது சூரிச்சில் வெளியானது. 1933இல் கைதானார், மியூனிக்கில் பார்த்த வேலையும் போயிற்று. அச்செழுத்து வடிவமைப்பாளர் யான் ச்சிகோல்டும் அதே ஆண்டு கைதானார்.

ச்சிகோல்டின் பெயரைச் சொன்னபின் சற்று நிற்காமல் போக முடியவில்லை. செரிஃப் எனும் முனைக் கீற்று இல்லாத எழுத்தே காலத்தின் எழுத்து என்று 1928இல் முழங்கிய அவர், 1946இல் சுவிஸ் வடிவமைப்பாளர் மாக்ஸ் பில்லுடன் மோதியபோது, தம் பழைய கொள்கையின் சகிப்பின்மையில் நாஜிகளின் மனப்போக்குக்கு உறவு கண்டார். எங்கள் தலைமுறை இரவு முழுக்கச் சண்டைபோட்ட விவாதம் அது. கட்டுரையாளர் அங்கிருந்துதான் தம் தீர்ப்பை எடுத்திருக்கிறார். ஆனால் ச்சிகோல்ட் குற்றம் கண்டது தம்முடைய பிடிவாதத்தில். அதை எடுத்து எழுத்தின் உடம்பில் ஒட்டுவது விமர்சனம் ஆகாது. நாஜிகளின் பிரசுரங்கள் ஆண்டுக்கணக்கில் ஃப்ராக்டூர் என்னும் பழைய ஜெர்மன் எழுத்தில் வந்தன. 1941இல் அதே எழுத்தை அவர்களே யூத எழுத்தென்று பழித்து விலக்கினார்கள். எந்த வடிவத்தின்மேல் இந்த வழக்கைப் போடுவது?

வடிவத்தைப் பார்த்தவுடன் வர்க்கத்தையும் கட்சியையும் சொல்லிவிடும் இந்த அவசரம் நமக்குப் பழையது. யாப்பை விட்ட கவிதையை மக்களைக் கைவிட்ட கவிதை என்றார்கள். அந்தக் கவிதைகளைப் படித்துவிட்டுச் சொன்னவர்கள் குறைவு. இன்று அதே கண்கள் எழுத்துருவுக்கு வந்திருக்கின்றன, அதையும் பார்க்காமலே.