மதிப்பீட்டைத் தெருவில் வாசியுங்கள்

2023 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன், தருமபுரி மாவட்டம் அரூர் அருகே உள்ள வாச்சாத்திக்கு நேரில் போனார். 1992 ஜூன் 20இல் வனம், காவல், வருவாய் என மூன்று துறையினரும் புகுந்து சூறையாடிய பழங்குடி ஊர் அது. அந்த மக்களிடமே கேட்டறிந்த பிறகு, செப்டம்பர் 29இல் அத்துறையினருக்குக் கீழ் நீதிமன்றம் விதித்திருந்த தண்டனைகளை உறுதி செய்தார். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னதோடு, ஊர் மக்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்த என்ன செய்தீர்கள் என்று தெரிவிக்கும்படியும் அரசுக்கு உத்தரவிட்டார்.

தீர்ப்பு எழுதுபவர் ஊருக்குப் போகிறார். சாலை போடத் திட்டம் எழுதுபவர் போவதில்லை. வாசற்படியைவிட உயரமாகச் சிமென்ட் சாலை போட்டுவிட்டால், அடுத்த மழைக்குத் தண்ணீர் நேரே அடுப்படிக்குத்தான் வரும். வாசலில் மண்மூட்டை அடுக்கும் பெண்ணிடம் முன்பே கேட்டிருந்தால், எவ்வளவு தோண்டிவிட்டுப் போட வேண்டும் என்று கையாலேயே அளந்து காட்டியிருப்பார்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறதே என்பார்கள். எங்கே கூடுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. 2012 நவம்பர் 7இல் சாதி வன்முறையில் நத்தம் காலனியின் தலித் வீடுகள் எரிந்த மாவட்டம் இது. ஊருக்குள் நடக்கும் கூட்டத்தில் காலனிக்காரர் எழுந்து ஒப்பந்ததாரரின் பெயரைச் சொல்லிக் குறை கூறுவது அத்தனை எளிதல்ல. சபை காலனிக்கு வர வேண்டும், மலைக்கிராமத்துக்கு ஏற வேண்டும். தருமபுரி நகரின் குடிசைப் பகுதிகளிலும், வார்டு வாரியாகக் கூட வேண்டிய பகுதி சபைகள் அந்தந்தத் தெருவிலேயே கூட வேண்டும்.

வேலையின் செலவு மதிப்பீடும் கணக்கும் இந்த மக்களுக்கு எங்கே புரியப்போகிறது என்ற பேச்சை இந்த மாவட்டத்தில் யாரும் பேசக் கூடாது. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியதே அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். சேமிப்பு, கடன், வட்டி என்று பைசா பிசகாமல் நோட்டு எழுதிப் பழகிய பெண்கள், எத்தனை மூட்டை சிமென்ட் என்பதை எண்ணிப் பார்க்க மாட்டார்களா?

எனவே வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை அந்தத் தெருவிலேயே தமிழில் வாசித்துக் காட்டுங்கள். மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் அத்தெருப் பெண்கள் குழு பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஒப்பந்ததாரரின் பில் பாஸாக வேண்டும். மாவட்ட ஆட்சியர் இதை அடுத்த கிராம சபைக்கு முன்பே உத்தரவாகப் பிறப்பிக்க வேண்டும்.