பென்சில் முனையில் பழைய வீடு

ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதில் நீங்கள் குடியிருந்த வீட்டை மேலிருந்து பார்ப்பதுபோல் வரையுங்கள். வாசல் எந்தப் பக்கம்? அடுப்படிக்கு எத்தனை எட்டு? சாமிப் படம் எந்தச் சுவரில்? அழகாக வர வேண்டியதில்லை.

வானொலியில் நேயர்களிடம் சிலமுறை இதைக் கேட்டிருக்கிறேன். “உங்கள் பழைய வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால், “சின்ன வீடுதான், சந்தோஷமா இருந்தோம்” என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். “வரைந்துகொண்டே பேசுங்கள்” என்றால் கதை வேறு. கதவு வரைந்ததும் அதன் தாழ்ப்பாள் ஞாபகம் வரும். தாழ்ப்பாளைச் சொன்னதும் அதை எட்ட முடியாத தம்பி வருவான். எனக்கோ விளம்பரத்துக்கு நேரமாகியிருக்கும்!

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் இதையே ஒரு பெரிய கலைப்படைப்பாகச் செய்திருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். போரால் வீடிழந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் போய், அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அப்படிச் சேர்ந்த 80 வீடுகள் 2011-இல் புத்தகமாயின. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படங்கள். முதலில் வீட்டுக்காரர் கையால் போட்ட கோணல்மாணல் கோடு. அடுத்து, அதைக் கட்டடக்கலை முறையில் அளவாக வரைந்த படம். பிறகு, அந்தக் கதையைக் கேட்டு சனாதனன் வரைந்த ஓவியம். நூலின் பெயரைத் தமிழில் ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனலாம். தோம்பு என்றால் போர்த்துக்கீசர், டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடு. இன்ன நிலம் இன்னாருக்கு என்று அரசாங்கம் எழுதி வைத்த கணக்கு. வீடு போனவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதிய ஏடு இது.

2016-இல் கொச்சி பினாலேயில் அவர் வைத்தது ஓர் அலமாரி. பழைய நூலகங்களில் புத்தகம் தேட அட்டைகள் அடுக்கிய சிறு இழுப்பறைகள் இருக்குமே, அதே மாதிரி. பார்க்க வந்தவர்கள் தாங்களே இழுப்பறையைத் திறந்து, அட்டைகளைப் புரட்டி, போர்க்காலத்தை மக்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று படிக்க வேண்டும். 1981-இல் நூலகம் எரிக்கப்பட்ட ஊர்க்காரர் இப்படி ஓர் அலமாரியைத் தேர்ந்தெடுத்ததற்கு விளக்கம் தேவையில்லை.

பார்ப்பவர் கை வைத்தால்தான் முழுமையாகும் படைப்பை ஊடாட்டக் கலை என்கிறார்கள். சுவரெங்கும் ஒளியை ஓடவிட்டு நம்மை நடுவில் நிறுத்தும் கண்காட்சிகளும் இந்தப் பெயரில்தான் வருகின்றன. போயிருக்கிறேன், குளுகுளுவென்று நன்றாகத்தான் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் கைப்பேசியில் என் முகம்தான் முப்பது தடவை இருக்கும். இழுப்பறையும் பென்சிலும் வேறு ரகம்.

ஏன் என்று அறிவியலில் ஒரு தடயம் கிடைக்கிறது. கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் எண்டெல் டல்விங், 1972-இல் நினைவை இரண்டாகப் பிரித்தார். மலேசியாவின் தலைநகரம் கோலாலம்பூர் என்று தெரிந்திருப்பது ஒரு வகை. முதன்முதலாக கோலாலம்பூர் போனபோது பேருந்தில் வாந்தி எடுத்தது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் நாம் அந்த நாளுக்கே திரும்பப் போகிறோம். மனத்தின் காலப்பயணம் என்பது இதைத்தான். அவர் ஆராய்ந்தவர்களில் கே.சி. என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்ட ஒருவர் இருந்தார். 1981-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை அடிபட்டவர். சதுரங்கம் ஆடுவார், பேச்சு தெளிவாக இருக்கும். ஆனால் தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைக்கூட அவரால் திரும்பப் போய்ப் பார்க்க முடியவில்லை. நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாலும் அதே வெறுமைதான். நேற்றுக்குப் போகும் வழி அடைபட்டதும் நாளைக்குப் போகும் வழியும் அடைபட்டுவிட்டது. இரண்டு பயணத்துக்கும் மூளையின் பெரும்பாலும் ஒரே பகுதிகள் வேலை செய்கின்றன என்று 2007-இல் வெளிவந்த மூளைப்பட ஆய்வுகளும் காட்டின.

அந்தப் பகுதிகளில் ஒன்று ஹிப்போகாம்பஸ். அங்கேதான் இடத்தை அறியும் செல்களை ஜான் ஓகீஃப் 1971-இல் எலிகளிடம் கண்டார். 2014-இல் நோபல் பரிசு வந்தது. இடத்தின் வரைபடமும் சம்பவத்தின் நினைவும் மூளையில் பக்கத்து வீட்டுக்காரர்கள். கதவை வரைந்தால் தம்பி வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதெல்லாம் இங்கே ஜொகூரில் நமக்கு எதற்கு? நான் குடியிருக்கும் பெர்மாஸ் ஜெயாவில் சாலைகளுக்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான். ஜாலான் பெர்மாஸ் 10, அதிலிருந்து பிரிந்தால் 10/5. இந்த எண்களுக்குள் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். தோட்டம் கைமாறி, செம்பனையாகி, தாமானாகி, தொழிற்சாலையாகி, அவர்கள் பாசிர் கூடாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்கு வந்தவர்கள். யாழ்ப்பாணத்துக்காரர் இழந்த வீட்டுக்கு ஒரு காலத்தில் உறுதிப் பத்திரமாவது இருந்தது. லயத்து வீடு கம்பெனியின் சொத்து. மூன்று தலைமுறை குடியிருந்தாலும் எந்தத் தோம்பிலும் நம் தாத்தாவின் பெயர் ஏறியிருக்காது. வேலை போனால் வீடும் போகும். அந்த வீட்டின் வரைபடம் இப்போது எழுபது, எண்பது வயதுக்காரர்களின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் தாளை நீட்டினேன். “எனக்கு என்னா தம்பி வரையத் தெரியும்” என்றவர், முதலில் தண்ணிக் குழாயைப் போட்டார். வீட்டைப் போடவில்லை! பத்து வீட்டுக்கு ஒரே குழாயாம், உலகமே அங்கேதானாம். அதிலிருந்து லயம், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோவில். ஆயாக் கொட்டகையில் பென்சில் நின்றது. விடியுமுன் இருட்டிலேயே தூளியில் போட்டுவிட்டுப் பால்வெட்டப் போன மூத்த மகனைப் பற்றிச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனுக்கு இப்போது வயது ஐம்பத்தைந்து. அவருக்கே அது புதுச் செய்தி. தாளின் மூலையில் ஒரு கேட்டும் ஒரு நாயும் இருந்தன. துரை பங்களாவாம். வீட்டைக் காணோமே என்றேன். “உள்ளாற எப்படி இருக்கும்னு யாரு பார்த்தா?”

அளவு சரியா, குழாய் உண்மையில் அந்தப் பக்கம்தான் இருந்ததா என்று சரிபார்க்க எனக்கு வழியில்லை. நினைவு ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கொஞ்சம் மாறும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மாறட்டும். அவர் மகன் வேறு இடத்தில் குழாயைப் போட்டார். இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை வைத்துச் செய்து பாருங்கள். பேரப்பிள்ளை வரைய, பாட்டி சொல்ல என்று செய்ய வேண்டாம். பென்சில் பாட்டியின் கையில் இருக்கட்டும். நடுவில் திருத்தாதீர்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்தால் நல்லது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த ஆண்டு வரை இருந்தார்கள் என்பதைப் பின்பக்கம் எழுதுங்கள். ஏ4 தாள் போதாது, குழாயடியிலேயே முடிந்துவிடும். சுவரில் மாட்டிய பழைய பெரிய காலண்டரின் பின்பக்கம்தான் சரி.