திருப்பாச்சேத்தி அரிவாளா... ஃபேக்டரி கத்தியா? எது பெஸ்ட், எங்கே சிக்கல்?

திருப்பாச்சேத்தி என்றாலே பலருக்கு 2005-ல் வந்த விஜய் படம்தான் ஞாபகம் வரும். ஆனா, மதுரை - ராமேஸ்வரம் சாலையில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர்ப் பட்டறைகளின் பிழைப்பு, தேங்காய் வெட்டவும் விறகு பிளக்கவும் ஆன அரிவாள்களை நம்பித்தான். கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாகப் போகும் பெரிய அரிவாள்களும் உண்டு. சமையலறைக் கத்தி விஷயத்தில் மட்டும் ஃபேக்டரி முந்திவிட்டது.

அப்படி என்ன வித்தியாசம்?

பட்டறையின் மூலப்பொருள் பழைய லாரி பட்டை. பாரத்தில் வளைந்து மறுபடி நிமிர வேண்டிய இரும்பு என்பதால் அதில் கார்பன் 0.5 - 0.6 சதவீதம் அளவுக்கு இருக்கும். அதைக் கரி உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வடிவம் கொண்டுவந்து, கடைசியில் தோய்ச்சல் போடுவார்கள். அதாவது, சிவந்த வாய்ப்பகுதியைச் சட்டெனத் தண்ணீரில் தோய்த்து எடுப்பது. வாய் கெட்டியாகும், முதுகு கொஞ்சம் இளக்கமாகவே நிற்கும். தேங்காயில் ஓங்கிப் போட்டாலும் அரிவாள் உடையாததற்கு இதுதான் காரணம்.

சூட்டை அளக்க மீட்டர் எல்லாம் கிடையாது. இரும்பின் நிறம்தான் கணக்கு. சூடு கூடினால் வாய் சில்லு சில்லாகப் பெயரும். குறைந்தால் சீக்கிரம் மழுங்கும். இந்தக் கண் பழகத்தான் வருஷக்கணக்கு ஆகும்.

ஃபேக்டரியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை மெஷின் வெட்டும், சூட்டையும் மெஷினே பார்த்துக்கொள்ளும். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருப்பதால் எளிதில் துருப்பிடிக்காது. ஆயிரம் கத்தி எடுத்தாலும் ஒரே மாதிரி. உள்ளதைச் சொன்னால், தக்காளி நறுக்க இதுதான் வசதி. பட்டறைக் கத்தியை ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துரு ஏறும். ஆனால் தேங்காய், விறகு என்று வந்தால் மெல்லிய கத்தி நிற்காது. அரிவாள் தேய்ந்தால் திரும்ப உலையில் வைத்து வாய் அடித்து வாங்கலாம். மலிவு கத்தி தேய்ந்தால் குப்பைக்குத்தான்.

சரி, சிக்கல் எங்கே?

கதிர் அறுக்கும் மெஷின் வந்த பிறகு கதிர் அரிவாளுக்குத் தேவை குறைந்துபோச்சு. மிச்சமிருக்கும் வியாபாரத்தில் போலீஸ் கண்காணிப்பும் சேர்ந்துகொண்டது. 2021 செப்டம்பரில் ரவுடிகளுக்கு எதிரான நடவடிக்கையின்போது, அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு பட்டறைகளுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தார். வாங்குபவரின் பெயர், முகவரி, போன் நம்பரைக் குறித்து வைக்க வேண்டும், சிசிடிவி வைக்க வேண்டும் என்பது உத்தரவு.

சட்டம் என்ன சொல்கிறது? 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதமாகவே ஆயுத விதிகள் வகைப்படுத்துகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் தென்னந்தோப்புக்குப் போகும் அரிவாளும் தெருச்சண்டைக்குப் போகும் அரிவாளும் ஒரே வடிவம்தானே! வாங்குபவர் 'தோப்புக்கு' என்று சொன்னால் பட்டறைக்காரர் அதை நம்பியே ஆகணும். சரிபார்க்க அவரிடம் வழி இல்லை.

ஆன்லைனில் வாங்கினாலும் பெயர், முகவரி பதிவாகும்தான். எதுக்கு வாங்குறீங்க என்ற கேள்வி மட்டும் அங்கே வருவதில்லை. பாத்திரக் கடையில் அதுகூட இல்லை, பில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள்.