அரசாங்கம் கதவை உடைத்தால் நஷ்ட ஈடு உண்டா?

பொழுது விடியவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். திடீரென்று கதவு உடைகிறது. காதைப் பிளக்கும் வெடிச் சத்தம்! துப்பாக்கியுடன் சிலர் உள்ளே பாய்கிறார்கள். தாய் ஓர் அறையில். ஏழு வயது மகன் வேறோர் அறையில்.

இது சினிமாக் காட்சி அல்ல. 2017-ம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவில் உள்ள அட்லாண்டா நகரில் நடந்தது. வந்தவர்கள் மத்திய அரசின் எப்.பி.ஐ. படையினர். அவர்களிடம் வாரண்டு இருந்தது. ஆனால் அது வேறு வீட்டுக்கு!

ராஜா மீது வழக்கா?

"அரசாங்கத்தின் மீது வழக்குப் போட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அது அவ்வளவு சுலபம் அல்ல.

ராஜாவை அவருடைய கோர்ட்டிலேயே கூண்டில் ஏற்ற முடியாது என்பது பழைய இங்கிலாந்து வழக்கம். அமெரிக்காவில் ராஜா இல்லை. ஆனால் அந்த விதி மட்டும் தங்கிவிட்டது. அரசாங்கம் சம்மதித்தால்தான் அதன்மேல் வழக்குப் போடலாம்.

1946-ல் ஒரு சட்டம் வந்தது. அரசு ஊழியரின் கவனக்குறைவால் நஷ்டம் அடைந்தவர் அரசாங்கத்திடம் ஈடு கேட்கலாம். 1974-ல் அது திருத்தப்பட்டது. மத்திய போலீசார் அடித்தாலும், காரணமின்றிக் கைது செய்தாலும் கேட்கலாம் என்று ஆயிற்று.

இலாகா தப்பியது

அரசியல் சட்டம் தந்த உரிமையே மீறப்பட்டால்?

1965-ல் நியூயார்க்கில் ஒருவர் வீட்டுக்குள் ஆறு அதிகாரிகள் வாரண்டு இல்லாமல் புகுந்தார்கள். மனைவி மக்கள் எதிரே தமக்கு விலங்கு மாட்டினார்கள் என்று அவர் வழக்குத் தொடர்ந்தார். அதிகாரிகளிடம் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று 1971-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

ஆனால் 1994-ல் அதே கோர்ட்டு, "அதிகாரியைக் கேட்கலாம், இலாகாவைக் கேட்க முடியாது" என்று கூறிவிட்டது. 2022-ல் வந்த தீர்ப்பு, அதிகாரிகளைக் கேட்கும் வழியையும் ஏறக்குறைய அடைத்துவிட்டது.

"இந்தத் தவறை நிறுத்துங்கள்" என்று இலாகா மீது வழக்குப் போட இன்றும் வழி உண்டு. ஆனால், கதவு உடைந்த பிறகு அதை நிறுத்தச் சொல்லி என்ன பயன்?

மறுபடியும் விசாரணை

அட்லாண்டா குடும்பம் 1946-ம் ஆண்டுச் சட்டத்தை நம்பிக் கோர்ட்டுக்குப் போனது. கீழ்க் கோர்ட்டுகள் கைவிரித்தன. 2025-ம் ஆண்டு ஜூன் மாதம், வழக்கை மறுபடியும் ஆராயும்படி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாக உத்தரவிட்டார்கள். அது வெற்றி அல்ல. வாசல் திறந்தது, அவ்வளவுதான்.

உரிமையைச் சட்டத்தில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. அது பறிபோனால் எந்த வாசலில் போய் நிற்பது என்பதையும் சட்டமே சொல்லவேண்டும்.